கண்ணாடிகளைப் படுக்கவைத்த நாள்

காசில்தா செவில்யாவிலிருந்து எங்கள் மின்நிலையத்துக்கு வேலையாக வந்தால் தங்கை எல்விராவின் வீட்டில்தான் தங்குவாள். அந்தப் பிப்ரவரியில் மட்டும் பெட்ரோல் பங்குக்கு எதிரே இருக்கும் விடுதியில் அறை எடுத்தாள். அவள் பெட்டியை இறக்கிக் கொஞ்ச நேரத்திலேயே தபெர்னாஸ் ஊர் முழுக்க அது தெரிந்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் அவளுக்கும் எல்விராவின் கணவன் நிக்காசியோவுக்கும் நடந்த சண்டை அந்தத் தெருவில் எல்லார் காதிலும் விழுந்திருந்தது.

சண்டை ஒரு தூணைப் பற்றி.

எங்கள் நிலையத்தின் நடுவே உயரமான கோபுரம், அதைச் சுற்றிலும் மலையடிவாரம்வரை கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சுவரின் அகலம் இருக்கும். ஒற்றைத் தூணின் மேல் உட்கார்ந்து, காலையிலிருந்து மாலைவரை வெயிலோடு கூடவே திரும்பி, தன்மேல் விழும் ஒளியைக் கோபுரத்தின் உச்சிக்கு அனுப்பும். அங்கே உண்டாகும் சூட்டில்தான் மின்சாரம். கண்ணாடி கொஞ்சம் பிசகினாலும் ஒளி கோபுரத்தைத் தாண்டி ஆகாயத்துக்குப் போய்விடும். அதனால் தூண் ஆடக் கூடாது, திருப்புகிற சக்கரம் தளரக் கூடாது. இந்தத் தூணையும் சக்கரத்தையும் வரைகிற வேலை காசில்தாவுடையது.

களத்தின் மேற்கு ஓரத்தில் புதிதாகச் சேர்த்த பகுதிக்கு அவள் புதுமாதிரி ஒன்றை வரைந்திருந்தாள். பழைய தூணை ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இவளுடையது அதில் பாதிப் பருமன். கண்ணாடியை நிமிர்த்தவும் சாய்க்கவும் பழையதில் கனத்த சக்கரப்பெட்டி இருந்தது. இவள் அதை எடுத்துவிட்டு, லாரியைத் தூக்கும் ஜாக்கி போல நீளத் திருகு ஒன்றையும் அதன் அடியில் சின்ன மோட்டார் ஒன்றையும் வைத்தாள். இரும்பு குறைந்தது, எடை குறைந்தது, தூண் நாட்ட முன்பு ஒரு பகல் பிடித்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது.

நிக்காசியோ கண்ணாடிக் களத்தின் பராமரிப்புத் தலைவன். விருந்தில், இரண்டாம் கோப்பை ஒயினுக்குப் பிறகு, மேஜையைச் சுற்றி மாமனார் மாமியார், சித்தப்பன்மார் எல்லாரும் இருக்கும்போது சொன்னான்: "எங்க மதினி துடைப்பக்கட்டை மேல பீரோவை ஏத்தி வச்சிருக்காங்க. மேல்காத்து ஒருநாள் வரட்டும், பாக்கலாம்."

"அடுத்தவ வரைஞ்ச போல்ட்டை முடுக்கத்தான் உனக்குத் தெரியும். ஏன் அந்த இடத்துல போல்ட் இருக்குன்னு ஒருநாளாவது யோசிச்சிருக்கியா?" என்றாள் காசில்தா.

அதற்குப் பிறகு இருவரும் பேசிய மற்றவற்றை எல்விரா என்னிடம் சொன்னாள், நான் இங்கே சொல்லவில்லை. என் பெயர் ஒப்துலியா. கண்ணாடி கழுவும் லாரி ஓட்டுகிறேன். எல்விரா எனக்குப் பக்கத்து வீடு, நிக்காசியோ என்னோடு பள்ளியில் படித்தவன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் நான் யார் பக்கமும் பேசவில்லை. அதனால் இரண்டு பேரும் என்மேல் கோபமாக இருந்தார்கள்.

புதுப் பகுதியைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்வதற்காகத்தான் காசில்தா வந்திருந்தாள். ஆண்டுப் பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தியிருந்த வாரம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புழுதியில் வானம் மொத்தமும் காவி நிறமாகிக் கிடந்தது. கண்ணாடி எல்லாம் மாவு தடவினது போல. மறுநாள் அவள் அளவெடுக்கப்போகிறாள் என்று புதுப் பகுதியின் கண்ணாடிகள் அத்தனையையும் கழுவுவதற்காக நேராக நிமிர்த்தி நிறுத்தியிருந்தோம். இரண்டு வரிசைக்கு நடுவே லாரியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் பிரஷ் தேய்த்துக்கொண்டே வரும்.

காற்று இருட்டின பிறகுதான் வரும் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கழுவி முடித்து எல்லாவற்றையும் படுக்கவைத்துவிடலாம் என்பது கணக்கு. எங்கள் வேலையில் அதுதான் முதல் பாடம்: காற்று வந்தால் கண்ணாடி வானத்தைப் பார்த்துப் படுத்துவிட வேண்டும். படுத்திருந்தால் காற்று மேலேயும் கீழேயும் வழுக்கிக்கொண்டு போய்விடும். நின்றிருந்தால் அது கண்ணாடி இல்லை, கப்பல் பாய்.

பத்து மணிக் காப்பி முடிந்து நான் லாரியில் ஏறினபோது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. இரும்பு கிழிகிற சத்தம். மழைநீர் வடிகாலுக்காக வெளியாள் ஒருவர் பொக்லைன் வைத்துப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் இல்லாத இடத்தில் கேபிள் இருந்திருக்கிறது. வாளி அதைப் பிடித்து இழுத்ததில், புதுப் பகுதி முழுவதற்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற அலமாரி அடியோடு பெயர்ந்து கவிழ்ந்துவிட்டது. ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியிலிருந்து இறங்கித் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

நிக்காசியோ மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். காசில்தா மறுநாளைக்குத் தயார்செய்துகொண்டிருந்த அளவுக்கருவியைப் போட்டுவிட்டு நடந்தே வந்தாள். நிலைய இயக்குநர் ஃபகுந்தோ தன் புதுக் காரில் வந்தார். எல்லாரும் அந்த அலமாரியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்கள். காற்று முன்னதாகவே கிளம்பிவிட்டதாம். மத்தியானத்துக்குள் இங்கே இருக்கும், வலுவாக இருக்கும் என்றார்கள்.

பழைய பகுதிக் கண்ணாடிகள் ஏற்கெனவே படுத்திருந்தன. எல்லாருமே திரும்பிப் புதுப் பகுதியைப் பார்த்தோம். அறுபதுக்கு மேல் கண்ணாடிகள், மேற்கைப் பார்த்து, மார்பைக் காட்டிக்கொண்டு.

"ஜெனரேட்டர் இருக்குல்ல, அதைக் கொண்டாந்து கொடுக்கலாமே" என்றார் ஃபகுந்தோ.

"எங்க சொருகுறது சார்? சொருகுற எடம்தான் இங்க கவுந்து கெடக்குது" என்றான் நிக்காசியோ. பிறகு காசில்தாவைப் பார்த்தான். சண்டைக்குப் பிறகு அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. "பழைய மோட்டார்ல வாலுல ஒரு முனை இருக்கும். கைப்பிடியை மாட்டிச் சுத்தி எறக்கலாம். உங்க மோட்டார்ல அது எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுறீங்களா மதினி?"

அது இல்லை என்று அவனுக்குத் தெரியும். முதல் மாதிரிகளில் இருந்தது. மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடித்ததால் காசில்தா அதை எடுத்துவிட்டாள். அது வேண்டும் என்று அப்போதே அவன் மல்லுக்கட்டியிருந்தான்.

"இல்ல" என்றாள் அவள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "நான்தான் எடுத்தேன். நீ வேணும்னு சொன்னே, நான் கேக்கல. அதைப் பத்தி நாளைக்கு எவ்வளவு வேணா திட்டு. இப்ப என்னை யோசிக்க விடு."

நிக்காசியோ தன் ஸ்பானரை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் பக்கத்துத் தூணிடம் போய் மோட்டாரின் மூடியைக் கழற்றினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிலையத்தின் வாசல் பக்கம், வண்டிகள் நிற்கிற இடத்தைப் பார்த்தாள்.

"இது இருபத்துநாலு வோல்ட் மோட்டார். கார் பேட்டரி பன்னெண்டு. ரெண்டைச் சேத்துக் கட்டினா இருபத்துநாலு. தூண்ல இருக்கற கட்டுப்பாட்டுப் பெட்டியை விட்டுட்டு நேரா மோட்டாருக்கே கொடுக்கலாம். முதல்ல பிரேக்குக்குக் கொடுக்கணும், அது விட்டாத்தான் மோட்டார் சுத்தும்."

"ஆனா அது தானா நிக்காதே" என்றான் நிக்காசியோ. "படுத்து முடிச்சதும் நிறுத்துற ஸ்விட்ச் பெட்டிக்குள்ளல்ல இருக்கு. கொஞ்சம் தாண்டுச்சுன்னா திருகு கடிச்சுக்கும்."

"அதான். ஒருத்தர் ஒயரைப் பிடிக்கணும், ஒருத்தர் திருகையே பாத்துட்டு இருக்கணும். திருகுல மஞ்சக் கோடு போட்டிருக்கேன். கோடு உள்ள போனதும் ஒயரை எடுத்துரணும். எடுத்த நொடியே பிரேக் பிடிச்சுக்கும்."

ஃபகுந்தோ மெதுவாகக் கேட்டார்: "எத்தனை பேட்டரி வேணும்?"

"இருக்கறது எல்லாம்."

அதற்குப் பிறகு வண்டி நிறுத்துமிடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாக் கார்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சமையற்கூடத்துப் பெண்கள், அலுவலகத்துக் கணக்கர், காவலாளி, குழாய் பழுதுபார்க்க அல்மெரியாவிலிருந்து வந்திருந்தவர்கள் என எல்லாரும் ஸ்பானரும் கையுமாகத் தங்கள் வண்டிகளின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். இயக்குநரின் காரில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"பின் சீட்டுக்கு அடியில இருக்கும் சார், இந்த மாதிரி வண்டியில" என்றான் காவலாளி.

"சீட்டைக் கழட்டணுமா?"

"கழட்டத்தான் வேணும்."

"கழட்டு. என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் யாரும் சொல்லிராதீங்க."

பேட்டரிகளை இரண்டிரண்டாகத் தள்ளுவண்டிகளில் ஏற்றினோம். என் லாரியிலேயே இருபத்துநாலு வோல்ட் இருந்ததால் நான் லாரியோடு ஒரு குழு. எனக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் ஃபகுந்தோவே வந்து நின்றார், கோட்டும் டையுமாக.

புறப்படும் முன் ஒரு தகராறு. புதுப் பகுதியின் கோடியில், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மேட்டின்மேல் மூன்று கண்ணாடிகள் தனியாக நின்றன. காற்று முதலில் அவற்றைத்தான் அடிக்கும், அவற்றை முதலில் படுக்கவைக்க வேண்டும் என்றாள் காசில்தா.

"பள்ளத்தைத் தாண்டித் தள்ளுவண்டி போகாது. பேட்டரியைத் தோள்ல சுமக்கணும்" என்றான் நிக்காசியோ. "அந்த மூணைப் படுக்க வைக்கிற நேரத்துல இங்க பத்தைப் படுக்க வைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்க மதினி."

அவள் கணக்குப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, பிடிக்காத விடைதான் வந்தது என்று. "சரி. அது கடைசி" என்றாள்.

முதல் கண்ணாடியை அவளே செய்து காட்டினாள். பிரேக் ஒயரைத் தொட்டதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் ஒயரைத் தொட்டதும் அந்தப் பெரிய கண்ணாடி ஒரு முனகலோடு மெதுவாகப் பின்னால் சாய ஆரம்பித்தது. மஞ்சள் கோடு உள்ளே போயிற்று. ஒயரை எடுத்தாள். நின்றது. காவி வானம் அதில் விழுந்து கிடந்தது.

"சிவப்பையும் கறுப்பையும் மாத்திக் கொடுத்தா முன்னாடி கவுந்துரும். பாத்து" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் கலைந்தோம்.

நான் ஒயரைப் பிடித்தேன், ஃபகுந்தோ கோட்டைக் கழற்றி விரித்து அதன்மேல் முட்டி போட்டுத் திருகைப் பார்த்தார். முதல் இரண்டு கண்ணாடிக்கும் "நிறுத்து, நிறுத்து" என்று கோடு வருவதற்கு முன்பே பதறினார். பிறகு பழகிவிட்டது. "வா... வா... வாடி தங்கம்... போதும்" என்று கண்ணாடியோடு பேச ஆரம்பித்தார். எங்களுக்கு அவர் தினமும் அனுப்புகிற கடிதங்களில் இப்படி ஒரு மனிதர் இருப்பதாகத் தெரிந்ததே இல்லை.

பக்கத்து வரிசைகளிலும் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகச் சாய்வது தெரிந்தது. நிக்காசியோ ஒரு குழுவோடு, காசில்தா இன்னொரு குழுவோடு. பேட்டரி தளர்ந்தால் ஓடிப்போய் வேறு பேட்டரி. பாதி நேரம் ஓட்டம்தான். வரிசைகளுக்கு நடுவே ஓடுகிறபோது காற்று ஏறுவதைக் காதில் உணர்ந்தோம். முதலில் ஒயர்கள் விசிலடித்தன. பிறகு புழுதி தரையோடு தரையாக ஓட ஆரம்பித்தது. பிறகு நிற்கிற கண்ணாடிகள் விம்மின. தகரக் கூரையைக் கையால் தட்டுவது போன்ற சத்தம் அது.

எங்கள் வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். சமவெளி முழுக்கக் கண்ணாடிகள் மல்லாந்து கிடந்தன. மேட்டின்மேல் மட்டும் மூன்று.

காசில்தாவும் நிக்காசியோவும் ஏற்கெனவே பள்ளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பேட்டரியைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துக்கொண்டு. நான் லாரியைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்கு மேல் போக முடியாது. ஃபகுந்தோ வாக்கிடாக்கியில், "விட்டுட்டு வாங்க ரெண்டு பேரும். மூணுதானே, போனாப் போகுது" என்றார். அவர்களுடைய வாக்கிடாக்கி தள்ளுவண்டியிலேயே கிடந்தது.

முதலாவது படுத்துவிட்டது. தூரத்திலிருந்தே நாங்கள் கை தட்டினோம், அவர்களுக்குக் கேட்டிருக்காது.

இரண்டாவதில் நிக்காசியோ ஒயரைப் பிடித்தான், காசில்தா திருகைப் பார்த்தாள். கண்ணாடி சாய ஆரம்பித்தது. பாதி சாய்ந்தபோது நின்றுவிட்டது. நேராக நிற்கிற கண்ணாடியைக் காற்று தள்ளத்தான் செய்யும். முழுக்கப் படுத்துவிட்டால் விட்டுவிடும். நடுவில், பாதிச் சாய்வில்தான் அதைப் பிடித்து முறுக்கும். எல்லாவற்றையும்விட மோசமான இடம் அது. வரைந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? இதெல்லாம் அவளே பிறகு எனக்குச் சொன்னது. மோட்டார் முனகிக்கொண்டிருந்ததாம், நகரவில்லையாம். பேட்டரியும் கடைசி மூச்சில்.

"விடு, நிக்காசியோ. போகலாம்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்தான். அசையுது பாரு."

"அசையல. காத்து அசைக்குது."

"நீ போ. நான் இதை எறக்கிட்டு வரேன். இது ஒடைஞ்சா நாளைக்கு உன்னை என்ன பண்ணுவானுங்கன்னு எனக்குத் தெரியாதா? 'தூண் நோஞ்சான்'னு எழுதிட்டுப் போயிருவானுங்க."

"எழுதட்டும்."

"நானே அதைச் சொல்லிச் சொல்லித்தானே எல்லார் மண்டையிலயும் ஏத்தி வச்சிருக்கேன்." ஒயரைப் பிடித்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன. கண்ணாடியின் விளிம்பு அவன் தலைக்கு மேலே துடித்துக்கொண்டிருந்தது. "அசையுது, காசில்தா. சத்தியமா."

அப்போது மேற்கே மலைச்சரிவிலிருந்து புழுதிச் சுவர் ஒன்று இறங்கி வருவதை அவள் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். நான் லாரியின் ஹாரனை அழுத்தினேன், கையை எடுக்கவேயில்லை.

அவள் அவன் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். பிரேக் பிடித்துக்கொண்டது. அவன் மறுபடி ஒயருக்காகக் குனிந்தான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினாள். அவன் ஆறடி ஆள், அவள் அவன் தோளுக்குத்தான் வருவாள். எப்படி இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாதாம். இருவரும் பள்ளத்துக்குள் உருண்டு விழுவதைப் பார்த்தோம். அதோடு புழுதி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

லாரி ஆடியது. ஃபகுந்தோ என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஏதோ முறிகிற சத்தம், பிறகு உடைகிற சத்தம். அகலமான ஏதோ ஒன்று லாரியின் முன்னால் பறந்துபோயிற்று. நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் தேவாலயத்துப் பக்கமே போகாதவர். அவரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காற்று கொஞ்சம் தளர்ந்து, கண் தெரிய ஆரம்பித்ததும் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு பள்ளத்தை நோக்கி ஓடினேன். மண்ணுக்குள் இரண்டு பேரும் குப்புறக் கிடந்தார்கள். அசையவில்லை. என் உயிர் போய்விட்டது.

"காசில்தா" என்று கத்தினேன்.

"மெதுவா பேசு, காதுகிட்ட கத்தாத" என்றாள் அவள், முகத்தைத் தூக்காமலே.

நிக்காசியோ புரண்டு உட்கார்ந்தான். வாய் முழுக்க மண். துப்பினான். "காலரைக் கிழிச்சிட்ட" என்றான் அவளிடம். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிற்று, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அவள் அவன் முதுகில் கைவைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பள்ளத்திலிருந்து ஏறிப் பார்த்தோம். பாதியில் நின்ற அந்தக் கண்ணாடியில் சேர்த்துப் பொருத்தியிருந்த கண்ணாடிப் பலகைகளில் இரண்டு பிய்த்துக்கொண்டு போயிருந்தன. அதில் ஒன்று, நிக்காசியோ குனிந்து நின்ற இடத்தில் விழுந்து நொறுங்கிக் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். ஒருதரம் சிலுவை போட்டுக்கொண்டான்.

மூன்றாவது கண்ணாடியை நாங்கள் தொடவே இல்லை. அது நேராக, காற்றின் எதிரே மார்பைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. ஒவ்வொரு அடிக்கும் தூண் கொஞ்சம் வளைந்தது, பிறகு நிமிர்ந்தது. வளைந்தது, நிமிர்ந்தது. காசில்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. எதையோ எண்ணுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனதும் தெரிந்தது, எண்ணவில்லை. "நில்லு, நில்லு, நில்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதியில் நின்றதன் தூணும் சாயவில்லை. நிக்காசியோ போய் அதன் அடியில் குனிந்து, கான்கிரீட்டைத் தடவிப் பார்த்தான், போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தான். எழுந்துவந்து, "கீறல்கூட இல்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவளுக்கு அது போதும் என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை, சேறாகவே வானத்திலிருந்து இறங்குகிற மழை. கழுவின கண்ணாடி எல்லாம் வீண். அதற்காக அன்று யாரும் வருத்தப்படவில்லை. எல்லாரும் சாப்பாட்டுக்கூடத்துக்குள் ஓடினோம்.

மழை பெய்தால் எங்கள் ஊரில் ரவை மாவில் மிகாஸ் கிண்டிச் சாப்பிடாமல் யாரும் இருக்க மாட்டார்கள். சமையற்காரப் பெண்கள் களைத்துப்போய் உட்கார்ந்திருந்ததால் ஃபகுந்தோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எண்ணெயில் பூண்டைப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், ரவை மாவைக் கொட்டினார், கிண்ட ஆரம்பித்தார். கைவிடாமல் கிண்ட வேண்டும், விட்டால் கட்டி தட்டிவிடும்.

"மாவு பச்சையா இருக்கு சார். இன்னும் கிண்டுங்க" என்றாள் ஒரு சமையற்காரி, நாற்காலியில் சாய்ந்தபடியே.

"கிண்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இது கிண்டுறதா? பிள்ளைக்குத் தலை வாரி விடுற மாதிரி இருக்கு."

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார், வேகமாகக் கிண்டினார். வறுத்த மிளகாயும் மத்தி மீனும் தனியாகத் தட்டில் வந்தன. ஒயின் திறந்தார்கள்.

காசில்தா மட்டும் ஜன்னலோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். செவில்யாவில் அவளுடைய மேலாளருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு முறை எண்ணை எடுத்து, இரண்டு முறையும் அணைத்துவிட்டாள். நிக்காசியோ ஒரு தட்டைக் கொண்டுபோய் அவள் முன் வைத்தான்.

"முதல்ல சாப்பிடு."

"சொல்லிட்டுச் சாப்பிடுறேன். இல்லன்னா எறங்காது."

"நான் பேசட்டுமா?"

"என்ன பேசுவே?"

"துடைப்பக்கட்டை நின்னுச்சுன்னு சொல்லுவேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "வேணாம். நானே சொல்லணும்" என்றாள். எண்ணை அழுத்தினாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. கேபிள் போனது, கையால் சுற்றுகிற முனையைத் தான் எடுத்துவிட்டது, அதனால் கண்ணாடிகள் மாட்டிக்கொண்டது, பேட்டரிகள், ஒன்றை நிமிர்ந்தபடியே விட்டுவந்தது, இரண்டு பலகைகள் போனது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். முனையைத் தான் திரும்ப வைக்கப்போவதாகவும், தண்ணீர் இறங்காத மூடியைத் தானே வரையப்போவதாகவும் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். கூடத்தில் எல்லாரும் சாப்பிடுவது போலப் பாவனை செய்துகொண்டு அவளையே கவனித்துக்கொண்டிருந்தோம்.

"யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கேட்டாராம் மேலாளர்.

"இல்ல. ஒருத்தன் சட்டைக் காலர் கிழிஞ்சுது."

"நிமிந்து நின்ன கண்ணாடி என்ன ஆச்சு?"

"நிக்குது."

"அந்தக் காத்துலயா?"

"அந்தக் காத்துலதான்."

"சரி. அப்ப நாளைக்கு அளவெடுக்க வேணாம். தூங்கு. நாளன்னிக்குப் பேசிக்கலாம்."

அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். தட்டை இழுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். அப்படி ஒரு பசியை நான் பார்த்ததில்லை. தன் தட்டை முடித்துவிட்டு நிக்காசியோவின் தட்டிலிருந்த மீனையும் எடுத்தாள். அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டான்.

பேட்டரிகளைத் திரும்ப மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எது யாருடையது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை மாட்டினோம். பாதி வண்டிகள் கிளம்பவில்லை. கிளம்பிய வண்டிகளில் ஆட்கள் நெருக்கியடித்து ஊருக்குப் போனார்கள். நிக்காசியோவையும் காசில்தாவையும் என் சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டேன். இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஊரை நெருங்கும்போது, விடுதிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டியை மெதுவாக்கினேன்.

"நேராப் போ, ஒப்துலியா" என்றான் நிக்காசியோ. "பெட்டியை நாளைக்கு எடுத்துக்கலாம்."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், தலை அவன் தோளில்.

எல்விரா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு ஏற்கெனவே வந்திருந்தது, அதுவும் ஏழு விதமாக. கார் கதவைத் திறந்து, முதலில் புருஷன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அக்கா முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருவர் முகத்திலும் சேறு காய்ந்திருந்தது. எதையோ திட்ட வந்தவள் அதை விழுங்கிக்கொண்டு, "வெந்நீர் போட்டிருக்கேன், யார் முதல்ல குளிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.